முதல் மாட்டை வாங்கும் முன்: கால்நடை வளர்ப்பில் கணக்கும் கடமையும்

கால்நடை வளர்ப்பில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த இனத்தை வாங்கலாம் என்பதே. அதற்கும் முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நான் வாங்கப்போகும் இந்த உயிர் என் பண்ணையை விட்டு எப்போது, எந்த வழியாக வெளியேறும்? பால் வற்றிய பசு, முட்டை குறைந்த கோழி, கறவைக்கு உதவாத காளைக்கன்று, விழுந்து எழ முடியாத ஆடு ஆகியவற்றுக்கு என்ன வழி என்று தெரியாமல் கொட்டகை கட்டுகிறவர், வரவு செலவுக் கணக்கில் பாதியைத்தான் போட்டிருக்கிறார். அறம் சார்ந்த கேள்வியை அவர் இன்னும் தொடவே இல்லை. இந்த வழிகாட்டி இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதுகிறது. பெரும்பாலான நாட்களில் விலங்குக்கு நல்லது எதுவோ அதுவே வளர்ப்பவருக்கும் ஆதாயமாக அமைகிறது. இரண்டும் பிரிந்து நிற்கும் நாட்களும் வரும். அந்த நாட்களுக்கான முடிவை, பதற்றம் இல்லாத நேரத்தில், முதல் விலங்கு வருவதற்கு முன்பே எடுத்துவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: இந்தத் தொழில் எதைத் தாங்கி நிற்கிறது என்று அறிதல்

பழந்தமிழில் ‘மாடு’ என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. அந்தப் பொருள் இன்றும் பழையதாகிவிடவில்லை. ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி, ஏறத்தாழ 130 கோடி மக்களின் வாழ்வாதாரமும் உணவுப் பாதுகாப்பும் கால்நடைகளைச் சார்ந்திருக்கின்றன. வேளாண் உற்பத்தியின் மொத்த மதிப்பில் வளர்ந்த நாடுகளில் சுமார் 40 விழுக்காடும், வளரும் நாடுகளில் சுமார் 20 விழுக்காடும் இத்துறையிலிருந்து கிடைக்கின்றன. சிறு விவசாயியின் வீட்டில் இதன் பயனைத் தொட்டுப் பார்க்கலாம்: பயிர் ஆண்டுக்கு ஓரிரு முறை பணம் தருகிறது, பாலும் முட்டையும் அன்றாடம் தருகின்றன, ஆடு அவசரத்துக்கு விற்கக்கூடிய சேமிப்பாக நிற்கிறது, சாணம் நிலத்துக்குத் திரும்புகிறது.

இந்தத் தூண் சரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் கொடுமையான சான்று இருக்கிறது. 1888 முதல் 1892 வரை எத்தியோப்பியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தின் முதன்மைக் காரணங்களில் ஒன்று மாடுகளைத் தாக்கிய வெக்கை நோய். உழவெருதுகள் பெருவாரியாக மடிந்தபோது, நிலம் இருந்தும் உழ வழியின்றி மக்கள் பட்டினி கிடந்தார்கள். அதே நோய் 2011இல் உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது; மனிதன் முற்றாக ஒழித்த விலங்கு நோய் இதுவரை அது ஒன்றுதான். தடுப்பூசியைத் தேவையற்ற செலவாக எண்ணும் புதியவர்கள் இந்த வரலாற்றை நினைவில் கொள்வது நல்லது.

இரண்டாம் படி: வெளியேறும் வழியை எழுதிவைத்தல்

ஒரு தாளை எடுத்து, உங்கள் பண்ணையில் பிறக்கவோ வளரவோ போகும் ஒவ்வொரு வகை விலங்குக்கும் முடிவு என்ன என்று எழுதுங்கள். இந்த ஒரு பக்கத்தை எழுத ஒரு வாரம் பிடித்தாலும் பரவாயில்லை.

ஆண் கன்றுகளிலிருந்து தொடங்குங்கள். பசு பால் தர வேண்டுமானால் கன்று ஈன வேண்டும். பிறக்கும் கன்றுகளில் பாதி ஆணாக இருக்கும். அவற்றை இறைச்சிக்கு வளர்ப்பதா, வேலைக்கு வளர்ப்பதா, வேறொருவரிடம் கொடுப்பதா, கொடுத்தால் அவர் என்ன செய்வார் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். பாலினம் பிரித்த விந்துவைப் பயன்படுத்தினால் பிறக்கும் கன்றுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு பெண்ணாக இருக்கும். செலவு கூடும், சினைபிடிக்கும் விகிதம் சற்றுக் குறையும், ஆனாலும் கைவிடப்படும் உயிர்களின் எண்ணிக்கை குறைகிறது. கோழியில் இந்தச் சிக்கல் உங்கள் கண்ணுக்குத் தெரியாமலேயே நடந்து முடிந்துவிடுகிறது. முட்டையினப் பெண் குஞ்சுகளை வாங்கும்போது, அவற்றுடன் பொரித்த ஆண் குஞ்சுகள் பெரும்பாலான பொரிப்பகங்களில் முதல் நாளிலேயே கொல்லப்பட்டிருக்கும். ஜெர்மனி 2022 முதல் இதைத் தடை செய்திருக்கிறது. முட்டைக்குள்ளேயே கருவின் பாலினத்தை அறியும் முறைகள் அங்கே நடைமுறைக்கு வந்துவிட்டன. குஞ்சு தருபவரிடம் ஆண் குஞ்சுகள் என்ன ஆகின்றன என்று கேளுங்கள்.

அடுத்தது முதுமை. பசு இயல்பாக 20 ஆண்டுகள் வரை வாழக்கூடியது; தீவிரப் பால்பண்ணைகளில் அது பல நேரங்களில் மூன்று நான்கு ஈற்றுகளுடன் வெளியேற்றப்படுகிறது. எந்தப் பசுவையும் கொல்லவோ விற்கவோ மாட்டேன் என்று முடிவெடுப்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு பசு மூன்று வயதிலிருந்து பதினொரு வயதுவரை கறந்து, பிறகு பத்தொன்பது வயதுவரை வாழ்கிறது என்று வைத்துக்கொண்டால், காலப்போக்கில் கறக்கும் பசு ஒவ்வொன்றுக்கும் கறவாத முதிய பசு ஒன்றுக்கு நீங்கள் தீவனம் போடுவீர்கள். அந்தச் செலவு பாலின் விலையில் ஏற வேண்டும், அல்லது வேறு வருமானத்திலிருந்து வர வேண்டும். இரண்டும் இல்லாமல் இரக்கத்தை மட்டும் நம்பித் தொடங்கிய பண்ணைகளில் கடைசியில் முதிய பசுக்களும் இளம் பசுக்களும் சேர்ந்தே மெலிகின்றன. அப்படி எலும்பு தெரிய நிற்கும் மந்தையைப் பார்த்தவர் எவரும், கணக்குப் போடாத இரக்கத்தை இரக்கம் என்று சொல்லத் தயங்குவார்.

கடைசியாக, குணமாகாத நோயுற்ற விலங்கு. எந்த நிலையில் கால்நடை மருத்துவரை அழைத்து வலியின்றி முடித்துவைப்பது என்பதையும், அந்த முடிவை வீட்டில் யார் எடுப்பது என்பதையும் எழுதுங்கள். விழுந்த பசுவின் அருகில் நின்றபடி இதைப் பேசத் தொடங்கினால், நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடவே மனம் வரும். நானும் ஒருமுறை அப்படி மூன்று நாட்கள் தள்ளிப்போட்டேன். அந்த மூன்று நாட்களின் வேதனை முழுவதையும் அந்தப் பசுதான் பட்டது.

மூன்றாம் படி: இனமும் எண்ணிக்கையும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். உங்களிடம் உள்ள தீவனம், நீர், நேரம் ஆகிய மூன்றும் எதைத் தாங்குமோ அதைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளாடும் செம்மறியும் சுமார் 5 மாதத்தில் ஈனும். பன்றிக்குச் சினைக்காலம் 114 நாள். பசுவுக்கு 280 நாளுக்குச் சற்றுக் கூடுதல். எனவே பசுவில் செய்யும் தவறு தெரியவருவதற்கே ஓர் ஆண்டு ஆகும். அதிகப் பால் தரும் குளிர்நாட்டு இனங்கள் 25 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பத்தால் துன்பப்படத் தொடங்கும். வெப்பமான இடத்தில் வாழ்பவர் அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, கறவைத்திறன் அட்டவணையை அதற்குப் பிறகு பார்க்கலாம். இரண்டு மூன்று விலங்குகளுடன் தொடங்குங்கள், ஆனால் ஒன்றே ஒன்றை மட்டும் வாங்காதீர்கள்; மாடும் ஆடும் கோழியும் கூட்டமாக வாழ்பவை, தனிமை அவற்றுக்குத் துன்பம்.

நான்காம் படி: விலங்கு வருவதற்கு முன் கொட்டகையும் தீவனமும்

1964இல் ரூத் ஹாரிசன் என்ற பெண்மணி, கூண்டுகளிலும் குறுகிய அடைப்புகளிலும் விலங்குகளை வளர்க்கும் முறையை அம்பலப்படுத்தி எழுதியதைத் தொடர்ந்து, பிரிட்டன் அரசு பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. 1965இல் வெளியான அதன் அறிக்கை, பண்ணை விலங்கு எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், தன் உடலைச் சுத்தம் செய்துகொள்ளவும், கால்களை நீட்டவும் இயல வேண்டும் என்றது. இதிலிருந்து 1979இல் ஐந்து விடுதலைகள் உருவாயின: பசி தாகத்திலிருந்து, உடல் அசௌகரியத்திலிருந்து, வலி காயம் நோயிலிருந்து, அச்சத்திலிருந்து விடுதலை, இயல்பான நடத்தைக்கு உரிமை. ஐரோப்பிய ஒன்றியம் பழைய முட்டைக்கோழிக் கூண்டுகளை 2012 முதல் தடை செய்தது. அந்தக் கூண்டில் ஒரு கோழிக்குக் குறைந்தபட்சமாக விதிக்கப்பட்டிருந்த இடம் 550 சதுர செ.மீ., அதாவது அச்சுப்பொறியில் இடும் ஏ4 தாளைவிடச் சிறியது. கோழி சிறகை விரிக்க அது போதாது என்று அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை.

உங்கள் கொட்டகைக்கு இந்த ஐந்தையும் அளவுகோலாகக் கொள்ளுங்கள். பசு ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கும் மேல் படுத்தே கழிக்க விரும்பும். படுத்திருக்கும்போது அசைபோடுகிறது, மடிக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது, குளம்பு ஓய்வெடுக்கிறது. ஆகவே படுக்குமிடத்தில் செய்யும் செலவு பாலாகத் திரும்பி வரும். அந்த இடத்தில் நீங்களே முழங்காலிட்டுப் பாருங்கள். உங்கள் முழங்கால் வலித்தால் பசுவுக்கும் வலிக்கும், நனைந்தால் அதன் மடியும் நனையும். தரை வழுக்கக் கூடாது. காற்று புகுந்து வெளியேற வேண்டும். உள்ளே நுழைந்ததும் உங்கள் கண் எரிந்தால், இரவு முழுவதும் அங்கே மூச்சுவிடும் விலங்கின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

தீவனம் பெரும்பாலான பால்பண்ணைகளில் மொத்தச் செலவில் பாதிக்கும் மேல் விழுங்குகிறது. ஆதாயமும் நட்டமும் இங்குதான் தீர்மானமாகின்றன. கறவைப் பசு தன் உடல் எடையில் சுமார் 3 விழுக்காடு உலர்பொருள், அதாவது நீர் நீங்கலான தீவனம், உண்ணும். 400 கிலோ எடையுள்ள பசுவுக்கு அது 12 கிலோ. பசுந்தீவனத்தில் ஐந்தில் நான்கு பங்கு நீர் என்பதால், 50 கிலோ பசும்புல் போட்டாலும் உலர்பொருள் 10 கிலோதான். கட்டைத் தூக்கிப் பார்த்து மதிப்பிடும் புதியவர் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார். தானியம், பிண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தைத் திடீரென்று கூட்டினால் இரைப்பையில் அமிலம் மிகுந்து, பசு தீவனத்தை வெறுத்து, சில நேரம் இறந்தும் போகும். எந்த மாற்றத்தையும் பத்து நாட்களுக்காவது பரப்பிச் செய்யுங்கள். நல்ல கறவைப் பசு நாளொன்றுக்கு 60 முதல் 100 லிட்டர் நீர் குடிக்கக்கூடும். எப்போதும் எட்டும் இடத்தில் நீர் இருப்பதைப் போல் மலிவாகப் பாலைக் கூட்டும் வழி வேறில்லை.

ஐந்தாம் படி: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

தொடர்ந்து மூன்று வேளைக் கறவையை நேரில் பாருங்கள். முதல் வேளைக்கு முன் ஒரு கறவையைத் தவிர்த்து மடியைப் பெருக்கிக் காட்டும் வழக்கம் உண்டு, அது பசுவுக்கும் வலி. நான்கு காம்புகளிலும் பால் சீராக வருகிறதா, கட்டியோ இரத்தமோ இருக்கிறதா என்று கறுப்புத் துணியில் பீய்ச்சிப் பாருங்கள். நடக்கவிட்டுப் பாருங்கள். பல்லைப் பார்த்து வயதைக் கேளுங்கள். கன்றுவீச்சு நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்யாமல் வாங்காதீர்கள், ஏனெனில் அந்த நோய் கறப்பவருக்கும் தொற்றும். புதிதாக வரும் விலங்கை மூன்று வாரமாவது தனித்து, மற்றவை கண்ணில் படும் தொலைவில் வையுங்கள்.

ஆறாம் படி: அன்றாடம் பார்த்தலும் எழுதுதலும்

காலையும் மாலையும் பத்து நிமிடம் எந்த வேலையும் செய்யாமல் விலங்குகளைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். எது கூட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்கிறது, எது அசைபோடவில்லை, எதன் காது தொங்குகிறது என்று கண் பழகிவிட்டால், வெப்பமானி 39.5 பாகையைக் காட்டும் முன்பே நோய் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஏட்டில் கறவை, தீவனம், சினைப்பருவம், கருவூட்டல், ஈற்று, மருந்து ஆகியவற்றின் தேதிகள் இருக்க வேண்டும். தேதிகளுக்கு இத்தனை மதிப்பு ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு பசு ஓர் ஈற்றில் 305 நாள் சராசரியாக 10 லிட்டர் கறந்தால் மொத்தம் 3,050 லிட்டர். ஈற்று இடைவெளி 365 நாளாக இருந்தால் நாளொன்றுக்கு 8.4 லிட்டர் ஆகிறது; சினைப்பருவத்தைக் கவனிக்கத் தவறி அது 450 நாளாக நீண்டால் 6.8 லிட்டராகச் சுருங்குகிறது. அந்தப் பசுவின் தீவனச் செலவோ நிற்கவில்லை. சினைப்பருவம் ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வந்து, ஒரு நாள்கூட நீடிக்காமல் மறையும். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் கருவூட்டுவது நெடுநாள் நடைமுறை. அடுத்த ஈற்றுக்கு முன் சுமார் 60 நாள் கறவையை நிறுத்தி மடிக்கு ஓய்வு கொடுங்கள். அந்த இரண்டு மாதப் பாலுக்கு ஆசைப்படுகிறவர், அடுத்த ஈற்றில் அதைவிடக் கூடுதலாக இழக்கிறார்.

ஏழாம் படி: பிறப்பும் பிரிவும்

கன்று தாயின் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்பாற்றலைப் பெறுவதில்லை. அதைச் சீம்பாலிலிருந்துதான் பெறுகிறது. பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள், 6 மணி நேரத்தைத் தாண்டாமல், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர் சீம்பால் உள்ளே போக வேண்டும். ஒரு நாள் கடந்துவிட்டால் குடலுக்கு அதை உறிஞ்சும் திறன் போய்விடும். தொப்புள்கொடியை அயோடினில் தோய்த்துவிடுங்கள்.

பால்பண்ணைத் தொழிலின் மிகக் கடினமான கேள்வி இதன் பின்னால் வருகிறது. பல பண்ணைகளில் கன்றை முதல் நாளிலேயே தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். பிணைப்பு வேர்விடும் முன் பிரித்தால் கதறல் குறைவு என்பது அவர்கள் சொல்லும் காரணம், அது உண்மையும்கூட. ஆனால் சில வாரங்கள் தாயுடன் இருந்த கன்று நன்றாக எடை கூடுகிறது, மற்ற மாடுகளுடன் பழகக் கற்கிறது. தாயும் தன் கன்றை நக்கி வளர்க்கும் இயல்பை நிறைவேற்றிக்கொள்கிறது. அதற்கு விலையாக, விற்கும் பால் அந்த வாரங்களில் குறையும். பகலில் சேர்ந்திருக்கவும் இரவில் பிரிந்திருக்கவும் விட்டு, காலையில் கறந்துகொண்டு, மெல்ல மெல்லப் பால்மறக்கச் செய்யும் முறை சிறு பண்ணைக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. அதற்கு வழியில்லாதவர், கன்றைத் தனிக்கூண்டில் அடைக்காமல் இன்னொரு கன்றுடனாவது இணைத்து வளர்க்கட்டும்.

எட்டாம் படி: வலியும் மருந்தும்

கொம்புக் குருத்தைச் சுடுவதும் காயடிப்பதும் வலி மிகுந்தவை. தேவையா என்று முதலில் கேளுங்கள்; தேவையென்றால் கன்று மிக இளமையாக இருக்கும்போதே, மரத்துப்போகும் ஊசியும் அதன்பின் வலிநிவாரணியும் கொடுத்து, பயிற்சி பெற்றவர் கையால் செய்யுங்கள். கொம்பில்லாத மரபுள்ள காளையின் விந்துவைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கேள்வியே எழாது.

நுண்ணுயிர்க்கொல்லிகளை மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டுமே, சொன்ன நாட்கள் முழுவதும் கொடுங்கள். வளர்ச்சியைக் கூட்டுவதற்காகத் தீவனத்தில் அவற்றைக் கலக்கும் பழக்கம் மருந்துக்கு மசியாத கிருமிகளைப் பெருக்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதை 2006இல் தடை செய்தது. மருந்து கொடுத்தபின் பாலையும் இறைச்சியையும் விற்கக் கூடாத நாட்கள் மருந்தின் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்த நாட்களின் பாலைக் கீழே ஊற்ற மனம் வராதுதான். ஆனாலும் ஊற்றத்தான் வேண்டும், ஏனெனில் அதைக் குடிக்கப்போகும் குழந்தைக்கு அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது.

ஒன்பதாம் படி: நிலத்துக்கும் காற்றுக்கும் உள்ள கடன்

உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2013இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதச் செயல்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடைத் துறையைச் சேர்ந்தது. அசைபோடும் விலங்குகள் ஏப்பமாக வெளிவிடும் மீத்தேன் அதில் பெரும் பங்கு. அதே அமைப்பின் ஆய்வாளர்கள் 2017இல், உலகக் கால்நடைகளின் தீவனத்தில் 86 விழுக்காடு மனிதர் உண்ண இயலாத புல், வைக்கோல், பிண்ணாக்கு போன்றவை என்று கணக்கிட்டார்கள். இரண்டு எண்களையும் சேர்த்தே பாருங்கள். உங்கள் பண்ணை மனிதர் உண்ண முடியாததை உணவாக மாற்றுகிறதா, அல்லது மனிதர் உண்ணக்கூடிய தானியத்தை வாங்கி விலங்குக்குப் போடுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் அதன் நியாயம் நிற்கிறது. சாணத்தை ஓடையருகே குவிக்காமல், மூடிய குழியிலோ எரிவாயுக் கலனிலோ சேருங்கள்.

பத்தாம் படி: கடைசிப் பயணம்

இறைச்சிக்காக வளர்ப்பவர் பலர் இந்தக் கட்டத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இங்கேதான் அவர்கள் உடன் இருக்க வேண்டும் என்பேன். நான்கு காலில் தானாக நடந்து வண்டியில் ஏற முடியாத விலங்கை ஏற்றாதீர்கள். அதற்குப் பண்ணையிலேயே மருத்துவர் முடிவு தர வேண்டும். அடிக்காமல், வாலை முறுக்காமல் ஏற்ற முடியும்: மாடு தன் தோளுக்குப் பின்னால் ஆள் நெருங்கினால் முன்னே நகரும், தோளுக்கு முன்னால் வந்தால் பின்வாங்கும். இந்த ஓர் இயல்பை அறிந்தவருக்குக் கோல் தேவைப்படாது. இறைச்சிக்கூடத்தை முன்கூட்டியே சென்று பாருங்கள். விலங்கு முழுமையாக உணர்விழந்த பிறகே அறுக்கப்படுகிறதா என்று கேளுங்கள்; சீரான மூச்சும் கண்ணைத் தொட்டால் இமைப்பும் இருந்தால் உணர்வு போகவில்லை என்று பொருள். நெடுநேரம் அச்சத்தில் இருந்த விலங்கின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துபோவதால், இறைச்சி கறுத்து, உலர்ந்து, விரைவில் கெடும். வாங்குபவர் அதற்கு விலை குறைப்பார்.

இவற்றையெல்லாம் ஏற்பாடு செய்தபின், இரண்டாம் படியில் எழுதிய தாளின் பின்பக்கத்தில் இன்னும் சில வரிகளைச் சேருங்கள். நீங்கள் திடீரென்று நோயில் படுத்தால் மறுநாள் காலையில் கறப்பவர் யார், தீவனம் எங்கே இருக்கிறது, எந்த விலங்குக்கு என்ன மருந்து நடக்கிறது, மருத்துவரின் தொலைபேசி எண் எது என்பவற்றை எழுதி, அந்தத் தாளைக் கொட்டகைக் கதவின் உட்புறத்தில் நனையாதபடி ஒட்டிவையுங்கள்.